கம்பளித் தராசு

முதன்முதலில் எடை பார்த்தபோது எஸ்கார்ச்சா
பதினெட்டு கிலோ. நான்கு மாதக் குட்டி.
கம்பளிப் பொதி நிறுக்கிற தராசில்
இன்னொரு பொதி போலப் படுத்துக்கொண்டாள்.
இதில் எது நாய் என்று
எலெயுதேரியோ கேட்டான்.

ஆறாம் மாதமே கருப்பையை எடுத்துவிடு என்றார்
பக்கத்துப் பண்ணை பார்ரியா.
பக்கம் என்றால் இங்கே இருபத்தேழு கிலோமீட்டர்.
அவருடைய நாய்க்கு அப்படித்தான் செய்தாராம்.
மடியில் வைத்துக் கொண்டுபோய்
மடியிலேயே திருப்பிக் கொண்டுவந்தாராம்.
இவளை மடியில் வைத்தால்
நாற்காலியோடு நான் சாய்வேன்.

ஜலசந்திக்கு அந்தப்பக்கம், புந்தா அரேனாஸில்,
டாக்டர் இவோன்கா தொலைபேசியில் சொன்னார்:
பெரிய உடம்பு மெதுவாகத்தான் முற்றும்.
கால் எலும்பின் நுனியில் குருத்து இன்னும் மூடவில்லை.
இப்போதே எடுத்தால்
போதும் நில் என்று எலும்புக்குச் சொல்ல ஆளில்லை.
அது பாட்டுக்கு நீளும். முட்டி தளரும்.

சரி, காத்திருக்கிறோம் என்றேன்.

காத்திருந்தால், என்றார் அதே குரலில்,
வந்துபோகும் ஒவ்வொரு பருவமும்
மடிக்காம்பில் கட்டிக்கு இடம் பார்த்துவைக்கும்.
கருப்பையில் சீழ் பிடிக்கவும் கூடும்.

அப்படியானால் எப்போதுதான் டாக்டர்?
கம்பியில் காற்று இரைந்தது.
ஒரு வயதுக்குப் பின்னால். இரண்டுக்கு முன்னால்.

அது தேதியா? வேலியில்லாத மேய்ச்சல் நிலம்.
அதில் எந்த இடத்தில் நான் முளை அடிக்க?

மாதத்தின் முதல் ஞாயிறு தராசு என்று வைத்துக்கொண்டோம்.
கொட்டகைக் கதவின் உட்பக்கம், கரிக்கட்டியால்,
இருபத்திரண்டு. இருபத்தாறு.
ஜூலைப் பனியில் முப்பது.
காதுமட்டும் பெரிதாகிவிட்டு
உடம்பு அதைத் துரத்திக்கொண்டிருந்தது.

அக்டோபர். ஆடுகள் ஈனும் நேரம்.
கடைசிப் பனியில் சிவப்புப் பொட்டுகள்.
எந்த ஆட்டுக்கு அடிபட்டதென்று
மந்தை முழுக்கத் தேடினேன்.
எல்லா ஆடும் சுகம்.
எஸ்கார்ச்சா ஓரமாக உட்கார்ந்து
தன்னைத்தானே நக்கிக்கொண்டிருந்தாள்,
புதிதாக ஏதோ பொருள் கிடைத்தவள் மாதிரி.

மூன்று வாரம் கொட்டகையில் பூட்டினோம்.
ஐந்தாம் இரவே வந்துவிட்டன காட்டில் அலையும் நாய்கள்.
எவற்றை விரட்ட அவளை வளர்த்தோமோ அவை.
கதவைப் பிறாண்டின. உள்ளேயிருந்து அவளும் பிறாண்டினாள்.
நான் துப்பாக்கியோடு கதவைக் காத்தேன்.
ஆட்டைக் காக்க ஆளில்லை.

விடிந்ததும் எலெயுதேரியோ எண்ணிவிட்டு வந்தான்.
ஒன்பது குட்டிகள்.
உன் டாக்டருடைய குருத்தெலும்புக்கு ஒன்பது, என்றான்.

பதில் இருந்தது. சொல்லவில்லை.
அன்றைக்கு நாங்கள் பேசவில்லை.
மறுநாள் பேசியது கம்பியும் ஆணியும் பற்றி.

பருவம் கழிந்தபின்னும் பொறுக்கச் சொன்னார் இவோன்கா.
வீங்கிய இரத்தக்குழாய்கள் தணிய வேண்டுமாம், மூன்று மாதம்.
இதை அவனிடம் சொல்ல
நான் இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

நாற்பத்தொன்று.
நாற்பத்திரண்டு.
கத்தரிப்புக் காலம், பொதிகளுக்கு நடுவே
இடம் ஒதுக்கி அவளை ஏற்றினோம்: நாற்பத்திரண்டு.
பிப்ரவரியில் கரிக்கட்டியை அவன் எடுத்தான்.
அதே எண்ணை எழுதிவிட்டு
எழுதிய இடத்தையே பார்த்து நின்றான்.
நின்றுவிட்டது, என்றான்.

வியாழக்கிழமை கப்பலுக்குப் பணம் கட்டினோம்.
வியாழன் காற்று; துறைமுகம் மூடல்.
வெள்ளியும் மூடல்.
பதினைந்து மாதமாக நாங்கள் கணக்குப் பார்த்த வயதில்
காற்று தன் பங்குக்கு இரண்டு நாள் சேர்த்தது.
சனிக்கிழமை போனோம். தளத்தில்
கடல் தெறித்த உப்பை மூக்கிலிருந்து நக்கியபடி வந்தாள்.

சரியான வயதுதானா?
ஆறேழு வருடம் கழித்து அவள் முட்டி சொல்லலாம்.
சொல்லாமலும் இருக்கலாம்.
ஒன்பதை அவன் இன்னும் ஒருமுறைகூட
திரும்பச் சொல்லவில்லை. மறக்கவுமில்லை.

மார்ச் முதல் ஞாயிறு யாரும் கூப்பிடவில்லை.
தானே வந்து தராசில் ஏறிப் படுத்தாள்.
மழித்த வயிற்றில் தையல் தடம்,
அதைச் சுற்றி
குத்தும் குட்டை மயிர், வெள்ளையாக.
எலெயுதேரியோ கரிக்கட்டியைத் தேடினான்.
அதை நான் அடுப்பில் போட்டு நாளாகியிருந்தது.